ஒரே கட்டடம், இரண்டு பாடங்கள்: ஃப்ரீமான்ட் கார் ஆலையில் லைன் எப்படி நின்றது, எப்படி ஓடியது

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஒரு பெரிய கார் ஆலை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கட்டியது, 1982இல் மூடிவிட்டது. பிறகு டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டுச் சேர்ந்து 1984இல் ‘நூமி’ என்ற பெயரில் திறந்தார்கள். 2010 ஏப்ரல் வரை அது ஓடியது. அதே ஆண்டில் டெஸ்லா 4.2 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஒரே இடம், மூன்று நிர்வாகங்கள். உற்பத்தி வரிசையில் சென்சார் வைத்து இயந்திரங்களைத் தாமாகவே ஒருங்கிணைந்து ஓட வைப்பது பற்றிப் பேச இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. “லைனில் ஏதோ தப்பு நடக்கிறது என்று லைனுக்கே எப்படித் தெரியும், தெரிந்தால் அது என்ன செய்ய வேண்டும்” என்ற கேள்விக்கு அந்த ஒரே கூரைக்குக் கீழே வெவ்வேறு காலங்களில் முற்றிலும் வேறு வேறு பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி “எத்தனை சென்சார் போடலாம்?” என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. சென்சார் ‘நில்’ என்று சொன்ன பிறகு யார் நிறுத்துவார், யார் வந்து பார்ப்பார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத இடத்தில் எத்தனை சென்சார் மாட்டினாலும் பேனலில் சிவப்பு விளக்குதான் கூடும். இதை நான் நம்புவதற்கான காரணங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கதை தறியில் தொடங்குகிறது

டொயோட்டா கார் கம்பெனி ஆவதற்கு முன் தறி கம்பெனி. சகிச்சி டொயோடா 1924இல் ‘டைப் ஜி’ என்ற தானியங்கித் தறியைக் கொண்டுவந்தார். ஓட்டத்தை நிறுத்தாமலேயே, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை மாற்றிக்கொள்ளும், நீளவாக்கில் ஓடும் பாவு நூலோ குறுக்கே ஓடும் ஊடை நூலோ அறுந்தால் தானே நின்றுவிடும். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் இதன் உரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் தறி இயந்திரங்களில் உலகப் பெயர் பெற்ற கம்பெனி அது, அவர்களே ஒரு ஜப்பானியரிடம் வந்து வாங்கினார்கள்.

பாவு அறுந்தால் நிற்கும் அந்த ஏற்பாட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் ஆட்டோலூம் ஓட்டியவர்களுக்கு ‘டிராப் பின்’ என்றால் உடனே புரிந்துவிடும். ஒவ்வொரு பாவு நூலின் மேலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். நூல் விறைப்பாக இருக்கும்வரை தகட்டை அது தூக்கிப் பிடித்திருக்கும், அறுந்த கணமே தகடு தன் எடையில் கீழே விழும். இயந்திர வகையில், அடியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் பல் வைத்த பட்டையில் தகடு மாட்டிக்கொள்ளும். பட்டை ஆட முடியாமல் போனால் தறி நின்றுவிடும். மின்சார வகையில், விழுந்த தகடு கீழே உள்ள பட்டையைத் தொட்டு மின்சுற்றை முடித்துவிடும், உடனே தறி நிற்கும். ஆயிரக்கணக்கான நூல்கள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு உண்டு.

அந்தத் தகடு கேட்பது ஒரே ஒரு கேள்வி: நூல் இருக்கிறதா, இல்லையா? கணக்குப் போடுவதற்கோ யூகிப்பதற்கோ அதில் இடமே இல்லை. விழுந்து கிடக்கும் தகட்டைப் பார்த்தாலே அறுந்த இழை எது என்று நெசவாளிக்குத் தெரிந்துவிடும். வந்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார். அதுவரை அந்தத் தறி கெட்ட துணி நெய்யாது. பக்கத்துத் தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தறிக்கு ஒரு ஆள் நின்று காவல் காத்தது போய், ஒரே ஆள் 30 தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. சென்சார் ஒன்று, நிறுத்தும் ஏற்பாடு ஒன்று, வந்து சரிசெய்யும் கை ஒன்று. மூன்றும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

தைச்சி ஓனோ 1932இல் டொயோட்டா குழுமத்தின் நூற்பு-நெசவு ஆலையில் சேர்ந்தவர். 1943இல் கார் பக்கம் மாற்றப்பட்டார். அங்கே எஞ்சின் பாகங்களைக் கடையும் இயந்திரக் கூடத்தில், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறியில் ஒருவர் முப்பதைப் பார்க்கும்போது இங்கே மட்டும் ஏன் ஒருவருக்கு ஒன்று என்று கேட்க அவருக்குத் தோன்றியது இயல்புதான். வேலை முடிந்தால் தானே நிற்கிற, தப்பு நடந்தாலும் தானே நிற்கிற இயந்திரங்களாக அவற்றை மாற்றத் தொடங்கினார்கள்.

ஒருங்கிணைப்பு என்று பார்த்தால், அங்கே உருவான ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. அடுத்தடுத்து இரண்டு இயந்திரங்கள், முதலாவது வேகமானது, இரண்டாவது மெதுவானது. நடுவில் பாகங்கள் உருண்டு வரும் ஒரு சிறிய சரிவு. அந்தச் சரிவில் ஒரு லிமிட் சுவிட்ச். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாகங்கள் சேர்ந்ததும் சுவிட்ச் அழுந்தி முதல் இயந்திரம் நிற்கும். இரண்டாவது இயந்திரம் எடுத்து எடுத்து எண்ணிக்கை குறைந்ததும் முதலாவது மறுபடி ஓடும். மேலே உட்கார்ந்து கட்டளையிட ஒரு கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. பக்கத்து இயந்திரத்தின் பசியை ஒரு சுவிட்ச் எடுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். இன்றைக்குப் பல கோடி ரூபாய் மென்பொருள் போட்டுச் செய்கிற வேலையில் பெரும்பகுதி அடிப்படையில் இதுதான்.

நூமி: மனிதர் இழுக்கும் கயிறு

1982க்கு முந்தைய ஃப்ரீமான்ட், ஜிஎம் ஆலைகளிலேயே மோசமான பெயர் எடுத்த ஒன்று. லைன் நிற்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். போல்ட் மாட்டாமல் போனாலும் பரவாயில்லை, வண்டி நகர வேண்டும், கடைசியில் தனியாக நிறுத்திவைத்துச் சரிசெய்து கொள்ளலாம். தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் தீராத பகை. வேலைக்கு வராமல் இருப்பவர்கள் ஏராளம்.

டொயோட்டா வந்து திறந்தபோது எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளிகள்தான், தொழிற்சங்கமும் அதேதான். சில நூறு பேரை ஜப்பானுக்கு, டொயோட்டாவின் தகவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். 1984 டிசம்பரில் முதல் வண்டி, ஒரு செவ்ரோலே நோவா, வெளியே வந்தது. கொஞ்ச காலத்திலேயே ஜிஎம்மின் மற்ற ஆலைகளை எல்லாம் தாண்டி, ஜப்பானிய ஆலைக்குக் கிட்டத்தட்ட சமமான தரத்தில் வண்டிகள் வந்தன. இதற்காகப் புதுவகை ரோபோக்களைக் கொண்டுவந்து குவிக்கவில்லை. உபகரணங்களில் பல சாதாரணமானவைதான்.

மாறியது லைனின் நரம்பு மண்டலம் எனலாம். லைனில் ஆள் நின்று வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும், அதாவது ஒவ்வொரு நிலையத்திலும், தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. வேலை செய்பவர் ஏதாவது தப்பைப் பார்த்தால் இழுக்க வேண்டும். இழுத்ததும் எந்த நிலையம் என்பதைக் காட்டும் பலகையில் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார்.

இழுத்த உடனே லைன் நிற்காது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். அந்த நிலையத்தின் எல்லைக்கோடுவரை வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் இருவரும் சேர்ந்து பிரச்சினையைத் தீர்த்துவிட்டால் மறுபடி ஒரு இழுப்பு, விளக்கு அணைந்துவிடும், ஒன்றும் நடக்காததுபோல ஓட்டம் தொடரும். தீரவில்லையென்றால் மட்டும், எல்லா வண்டிகளும் தத்தம் கோட்டுக்கு வந்து சேரும் அந்த இடத்தில் லைன் நிற்கும். எல்லோரும் தம் வேலையை முடித்த நிலையில் நிற்பதால், மறுபடி கிளம்பும்போது யாருடைய வேலையும் பாதியில் விட்டுப்போயிருக்காது.

ஒருங்கிணைப்பின் உயிர்நாடி இந்தச் சிறிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. பிஎல்சிக்கு, அதாவது ஆலை இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு, நிரல் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஃபால்ட் (பழுது) வந்ததும் எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே உறைய வைப்பது எழுத மிகச் சுலபமான நிரல். ஆனால் ரோபோ கை பாதி வழியில், கிளாம்ப் பாதி மூடிய நிலையில், பாகம் அந்தரத்தில் என்று எல்லாம் நின்றுபோனால், ஃபால்ட்டைச் சரிசெய்ய இரண்டு நிமிடம், எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும். ஆள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் உடனடி நிறுத்தம்தான், அதில் பேச்சே கிடையாது. மற்ற இடங்களில் “சுழற்சியை முடித்துவிட்டு நில்” என்று எழுத நேரம் ஒதுக்கியவர்களின் லைன் பிற்பாடு நன்றாக ஓடுகிறது.

ஜிஎம் தலைமை ஃப்ரீமான்ட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தும், வேறு பக்கம் போனது. 1980களில் ஜிஎம் தலைவர் ரோஜர் ஸ்மித் தலைமையில் ரோபோக்களிலும் தானியக்கத்திலும் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். 1982இல் ஜப்பானின் ரோபோ நிறுவனமான ஃபனுக்குடன் கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். 1985இல் திறந்த டெட்ராய்ட்-ஹாம்ட்ராம்க் ஆலைதான் காட்சிப்பொருள். அங்கே பெயின்ட் அடிக்கும் ரோபோக்கள் வண்டியை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று பெயின்ட் அடித்துக்கொண்டன என்று அந்நாளைய பத்திரிகைகளில் செய்தி வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாததுதான் பெரிய தலைவலி என்று உணர்ந்து, பொதுவான மொழி ஒன்றை உருவாக்க ‘மேப்’ என்ற நெறிமுறையை ஜிஎம்மே முன்னின்று கொண்டுவந்தது. நோக்கம் சரியானது. ஆனால் விலையும் சிக்கலும் அதிகம் என்பதால் அது தொழிற்சாலைகளில் பரவலாக வேரூன்றவில்லை.

இதே ஜிஎம்தான் 1968இல், மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்யும் தொல்லை தாங்காமல், நிரலை மாற்றினாலே போதும் என்கிற ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்று கேட்டு, இன்று உலகம் முழுக்க ஓடும் பிஎல்சி பிறக்கக் காரணமாக இருந்தது. பொறியாளர் டிக் மோர்லி குழுவின் மாடிகான் 084 அப்படி வந்ததுதான். ஆக, கருவிகளுக்குக் குறைவில்லை. ஃப்ரீமான்ட்டின் கயிற்றுக்குப் பின்னால் இருந்த ‘ஓடி வரும் ஆள்’ மட்டும் மற்ற ஆலைகளுக்குப் போய்ச் சேர மிகவும் தாமதமானது.

2017: அதே கூரையின் கீழ் டெஸ்லா

2016இல் டெஸ்லா தலைவர் எலான் மஸ்க் தன் கவனம் முழுவதும் ‘இயந்திரத்தைச் செய்யும் இயந்திரத்தின்’ மேல் என்றார். மனிதர் அதிகம் இல்லாமல் அதிவேகத்தில் ஓடும் ஆலை என்பது கனவு. ஜெர்மனியின் க்ரோமன் என்ற தானியக்க நிறுவனத்தையும் வாங்கினார்கள். 2017 ஜூலை 28 அன்று முதல் 30 மாடல் 3 கார்களைச் சாவி கொடுத்து ஒப்படைத்தபோது, அடுத்த பல மாதங்கள் உற்பத்தி நரகமாக இருக்கும் என்று அவரே மேடையில் சொன்னார். அந்த ஆண்டு இறுதிக்குள் வாரத்துக்கு 5,000 என்பது இலக்கு. ஜூலை முதல் செப்டம்பர் வரை செய்ய முடிந்தது மொத்தம் 260. அடுத்த மூன்று மாதத்தில் 2,425.

முதல் அடைப்பு ஃப்ரீமான்ட்டில் இல்லை, நெவாடாவில் டெஸ்லாவின் பேட்டரி ஆலையில், செல்களை அடுக்கி மாட்யூல் என்ற தொகுதிகளாக்கும் வரிசையில் இருந்தது. நீண்ட தூரம் ஓடும் மாடல் 3இன் பேட்டரியில் 4,416 செல்கள், நான்கு மாட்யூல்களாக. ஒவ்வொரு செல்லும் சரியான இடத்தில் சரியான திசையில் உட்கார வேண்டும், ஒட்ட வேண்டும், மின்னிணைப்பு சேர வேண்டும். அந்த வரிசை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது, பின்னிரண்டு ஓடியது, முன்னிரண்டு சொதப்பியது. ஒரு மண்டலத்தின் மென்பொருளை அடியிலிருந்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று, 20 முதல் 30 ஆள்-ஆண்டு வேலையை நான்கு வாரத்தில் செய்ததாக மஸ்க் முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஒருங்கிணைப்பு மென்பொருளின் எடை எவ்வளவு என்று தெரிய அந்த ஒரு தகவல் போதும். இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன, அவை ஒன்றுக்கொன்று எப்போது கொடுப்பது, எப்போது காத்திருப்பது என்பதுதான் தயாராக இல்லை.

ஃப்ரீமான்ட்டுக்குள்ளே பாகங்களை எடுத்துப்போக ஒரு கன்வேயர் வலைப்பின்னல் போட்டிருந்தார்கள். 2018 ஏப்ரலில் தொலைக்காட்சிப் பேட்டியில், அது பைத்தியக்காரத்தனமான சிக்கல், வேலை செய்யவில்லை, மொத்தத்தையும் தூக்கிவிட்டோம் என்றார் மஸ்க். அதே மாதத்தில், டெஸ்லாவில் மிதமிஞ்சிய தானியக்கம் ஒரு தவறு, துல்லியமாகச் சொன்னால் என் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். தம் ஆலையில் நடந்ததை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தலைவர்கள் குறைவு, அதனால்தான் இதை நாம் ஆய்வு செய்யவே முடிகிறது.

ஏன் நின்றது: கொஞ்சம் கணக்கு

இதை டெஸ்லாவின் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்த லைனுக்கும் பொருந்தும் எளிய கணக்குதான். ஒரு நிலையம் 99 சதவீத நேரம் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இயந்திரம்தானே! அப்படிப் பத்து நிலையங்களை நடுவில் இடைவெளி இல்லாமல் கட்டிப்போட்டால், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும் என்ற நிலையில், மொத்த லைன் ஓடும் நேரம் சுமார் 90 சதவீதம். ஐம்பது நிலையங்கள் என்றால் சுமார் 60. நூறு என்றால் 37கூட வராது. ஒவ்வொரு நிலையத்தின் பொறுப்பாளரும் “என் இயந்திரம் 99 சதவீதம் சார்” என்று நிமிர்ந்து நிற்கலாம், அவர் சொல்வதும் உண்மைதான், ஆனாலும் லைன் பாதி நேரத்துக்கு மேல் படுத்துக்கிடக்கும்.

சென்சாருக்கும் இதே கதி. நல்ல சென்சார் 10,000 தடவைக்கு ஒரு தடவை மட்டும் தவறாகச் சொல்கிறது என்று வைப்போம். எண்ணெய்ப் படலமோ, வெல்டிங் பொறியோ, தளர்ந்த பிராக்கெட்டோ காரணமாக இருக்கலாம். ஒரு கார் லைனைக் கடக்கும்போது 1,000 சென்சார்களைத் தாண்டுகிறது என்றால், ஏறக்குறைய பத்து காருக்கு ஒரு பொய் நிறுத்தம். வாரத்துக்கு 5,000 கார் என்ற இலக்கில் அது 500 பொய் நிறுத்தம். 24 மணி நேரமும் ஏழு நாளும் ஓட்டினாலும் 5,000 என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து நிமிடம் போனால் வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் காலி.

இதிலிருந்து தப்ப வழிகள் இருக்கின்றன, புதியவையும் அல்ல. நடுநடுவே சிறிய இருப்பு வைப்பது, அதாவது மேலே சொன்ன சரிவும் லிமிட் சுவிட்சும். கேட்கும் கேள்வியை எளிதாக்குவது. ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது. கடைசியாக, அந்த நிலையமே தேவையா என்று கேட்பது. டெஸ்லாவின் மிகப் பிரபலமான கதை இந்தக் கடைசி வழி பற்றியது.

கண்ணாடி நார்ப் பாய்

பேட்டரித் தொகுப்பின் மேல் கண்ணாடி நாரால் ஆன மெத்தென்ற பாய்த் துண்டுகளை ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு ரோபோ, அது பார்ப்பதற்குக் கேமரா. மஸ்க் இதை 2018 மே மாதத்தில் முதலீட்டாளர் அழைப்பில் விவரித்தார். ரோபோ அடிக்கடி பாயை எடுக்கத் தவறியது, அல்லது எங்கோ ஒரு இடத்தில் வைத்தது. ஒவ்வொரு தடவையும் பேட்டரி வரிசை நின்றது.

ஏன் தவறும் என்பதை யோசித்தால் சென்சாரின் எல்லை தெளிவாகிறது. எஃகுத் துண்டு என்றால் பிராக்ஸிமிட்டி சென்சார் ஒன்று போதும், உலோகம் கிட்டே வந்தால் சுற்றுக்குள் மாற்றம் தெரியும், இருக்கிறது இல்லை என்று முடிந்துவிடும். அந்த வகைச் சென்சார் 1958இல் ஜெர்மனியில் பெப்பர்ல்+ஃபுக்ஸ் நிறுவனத்தில் வந்தது. தேய்ந்துபோகும் இயந்திரத் தொடுமுனைகளுக்குப் பதிலாக அதை பிஏஎஸ்எஃப் இரசாயன ஆலைக்காகச் செய்தார்கள். தொடத் தேவையில்லை, அழுக்கு ஓரளவு தாங்கும், அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் எல்லா ஆலைகளிலும் சத்தமில்லாமல் உழைக்கிறது. கண்ணாடி நார்ப் பாய் அப்படி இல்லை. விளிம்பு கூராக இருக்காது, எடுக்கும்போது வளையும், தொங்கும், ஒரு துண்டு போல இன்னொன்று இருக்காது, உறிஞ்சிப் பிடிக்கும் கோப்பைக்கு ஊடாகக் காற்று நுழைந்துவிடும். கேமராவுக்கு அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு யூகம். நம் கை விரல்களோ அதை ஒரு நொடியில் எடுத்துத் தடவி வைத்துவிடும்.

மஸ்க் அந்த ரோபோவைச் சரிசெய்ய முயன்றார், வேகப்படுத்த முயன்றார், பிறகுதான் பாய் எதற்கு என்று கேட்டார். இந்தப் பகுதியை 2021இல் ஒரு பேட்டியில் விரிவாகச் சொன்னார். சத்தம், அதிர்வு பார்க்கும் குழுவைக் கேட்டால், அது தீப் பாதுகாப்புக்கு என்றார்கள். பேட்டரிப் பாதுகாப்புக் குழுவைக் கேட்டால், அது சத்தத்தைக் குறைக்க என்றார்கள். சரி என்று பாய் உள்ள கார் ஒன்று, இல்லாத கார் ஒன்று, இரண்டிலும் மைக் வைத்து ஒலியைப் பதிவுசெய்து பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. பாயை எடுத்துவிட்டார்கள், ரோபோவும் போயிற்று.

அதன் பிறகு அவர் சொல்லும் வரிசை: முதலில் தேவையைக் கேள்வி கேள், பிறகு வேண்டாததை நீக்கு, பிறகு எளிதாக்கு, பிறகு வேகமாக்கு, எல்லாம் முடிந்த பின்தான் தானியக்கம். தாம் இதைத் தலைகீழாகச் செய்ததாகவும் சொல்கிறார். டொயோட்டாவில் பல்லாண்டு இருந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. கையால் செய்து பார்த்து, வீண் அசைவுகளைக் கழித்த பிறகே இயந்திரத்திடம் ஒப்படைப்பது அங்கே பழைய பழக்கம். மிட்சுரு கவாய் என்பவர், அடிமட்டத்தில் உலோக வேலையிலிருந்து மேலே வந்து 2017இல் துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தவர், டொயோட்டாவின் ஹொன்ஷா ஆலையில் ரோபோக்கள் செய்த சில வேலைகளை வேண்டுமென்றே மறுபடி மனிதர் கைக்குக் கொண்டுவந்தார். கிராங்க்ஷாஃப்ட் அடித்துச் செய்யும் வேலையும் அதில் ஒன்று. கைவேலையில் ஆழம் தெரிந்தவர்தான் இயந்திரத்தை மேம்படுத்த முடியும் என்பது அவர் வாதம்.

டெஸ்லா எப்படி மீண்டது? 2018 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மாடல் 3 லைனைச் சில நாட்கள் நிறுத்திச் சரிசெய்தார்கள். நெவாடாவில் ஒரு பகுதியை ஆட்களும் இயந்திரமும் கலந்து செய்யும் வரிசையாக மாற்றினார்கள், ஜெர்மனியில் க்ரோமன் உருவாக்கிய புதிய தானியங்கி வரிசையையும் கொண்டுவந்தார்கள். ஜூனில் வாகன நிறுத்துமிடத்தில் பெரிய கூடாரம் போட்டு, தானியக்கம் குறைந்த இன்னொரு பொருத்தும் வரிசையைத் தொடங்கினார்கள். ஜூன் கடைசி ஏழு நாளில் 5,031 மாடல் 3. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடாரத்திலிருந்து வந்தது, தரம் மற்ற வரிசைக்குச் சமம் என்றது நிறுவனம். உடல் பகுதியை வெல்டிங் செய்யும் இடத்தில் ரோபோக்கள் தொடர்ந்து ஓடின, அங்கே எஃகு விறைப்பானது, பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் துல்லியமானது, கேள்விகள் எளிமையானவை. வயரிங் கட்டு, சீட், உட்புற உறைகள் என்று வளையும் பொருள்கள் வரும் இறுதிப் பொருத்தலில்தான் மனிதர் கூடினார்கள். எங்கே சென்சாரை நம்பலாம், எங்கே கையை நம்பலாம் என்ற கோடு, பொருள் வளையுமா வளையாதா என்பதை ஒட்டியே போவதை உலகின் பெரும்பாலான கார் ஆலைகளில் பார்க்கலாம்.

நம் தரையில் பார்க்கும்போது

கார் ஆலை அளவுக்கெல்லாம் போக வேண்டாம். பாட்டில் நிரப்பும் ஒரு நடுத்தர லைனில் நான் பார்த்தது இது. மூடி மாட்டும் இயந்திரத்துக்கு முன் ஒரு போட்டோ சென்சார், பாட்டில் வந்துவிட்டதா என்று பார்க்க. நிரப்பும்போது தெறிக்கும் துளிகள் லென்ஸில் படிந்து காயும். ஷிப்டில் நாலைந்து தடவை பாட்டில் இல்லாமலே ‘பாட்டில் நெரிசல்’ என்று அலாரம் வரும், லைன் நிற்கும், ஆபரேட்டர் துணியால் துடைத்து ரீசெட் அழுத்துவார். மெயின்டனன்ஸ் ஆள் வர அரை மணி ஆகும், அதற்குள் சூப்பர்வைசர் எண்ணிக்கை கேட்பார். ஒருநாள் யாரோ பேனலுக்குள் ஒரு சிறிய ஜம்பர் வயர் போட்டு அந்தச் சிக்னலை எப்போதும் ‘சரி’ என்று ஆக்கிவிட்டார்கள். “பைபாஸ் பண்ணிட்டோம் சார், இப்போ நல்லா ஓடுது.” நிஜமாகவே நன்றாக ஓடியது, உண்மையான நெரிசல் வந்து பாட்டில்கள் உடைந்து கன்வேயர் முழுக்கக் கண்ணாடித் துண்டாக ஆகும் வரை.

அந்த ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பொய் சொல்லும் சென்சாரை ஓயாமல் நம்பச் சொன்னால் எந்த மனிதரும் அதைத்தான் செய்வார். அங்கே தீர்வு மிகச் சாதாரணமாக வந்தது. சென்சாரைத் துளி தெறிக்காத பக்கம் கொஞ்சம் உயரத்தில் தள்ளி மாட்டினார்கள், பாட்டில் கடந்துபோகும் நேரத்தைவிடச் சற்று அதிகமாக ஒரு டைமர் வைத்தார்கள், அலாரத்தில் எந்த சென்சார் என்பதைத் தமிழில் எழுதினார்கள், லென்ஸைத் துடைப்பதை ஷிப்ட் தொடக்க வேலையில் சேர்த்தார்கள். அதைவிட முக்கியமாக, விளக்கு எரிந்தால் யார் வர வேண்டும் என்று பெயர் போட்டார்கள்.

1961இல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ, யமடா எலெக்ட்ரிக் என்ற ஆலையில் தீர்த்த பிரச்சினையும் இந்த வகைதான். சிறிய சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், ஒன்றை வைக்க மறந்துவிடுகிறார்கள். கவனமாக இரு என்று திட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு சுவிட்சைத் தொடங்கும் முன்பும் ஒரு தட்டில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து வைக்கச் சொன்னார். முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்துவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். மின்சாரமே தேவைப்படாத சென்சார் அந்தத் தட்டு.

புதிதாக ஒரு லைனைத் தானியக்கம் செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, சப்ளையரிடம் விலைப்பட்டியல் வாங்கும் முன் இப்போது இருக்கும் லைனில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். முதலில் அலாரம் பதிவு. பிஎல்சியிலோ திரையிலோ பெரும்பாலும் சேமித்துத்தான் வைத்திருக்கும், யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு வாரப் பதிவை எடுத்து எது அதிகம் வருகிறது என்று அடுக்கினால், மொத்த நிறுத்தத்தில் பெரும்பகுதி ஐந்தாறு சென்சார்களிலிருந்தே வருவதைப் பார்க்கலாம். இரண்டாவது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அலாரம் வந்ததற்கும் ஆள் கை வைத்ததற்கும் நடுவே போன நேரம். பல இடங்களில் பழுதைச் சரிசெய்யும் நேரத்தைவிட இது நீளமாக இருக்கும், எந்த சென்சார் வாங்கினாலும் இது குறையாது. மூன்றாவது, பேனல் கதவைத் திறந்து டார்ச் அடித்து ஜம்பர் வயர்களைத் தேடுவது. கிடைக்கும் ஒவ்வொரு வயருக்கும் எந்த சிக்னல், எப்போதிலிருந்து, எதற்காகப் போட்டது என்று அந்த ஷிப்ட் ஆட்களிடமே கேட்டு எழுதுங்கள், கேட்கும்போது அதட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். பாதுகாப்புக் கதவு சம்பந்தப்பட்ட வயர் ஏதாவது இருந்தால் அன்றைக்கே லைனை நிறுத்தி எடுத்துவிடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக, சென்சாரை இடம் மாற்றியோ வகை மாற்றியோ, அல்லது அந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நிரலிலிருந்து முறையாக நீக்கியோ முடிக்கலாம். அந்தப் பட்டியல் முடிந்த பிறகு புதிய லைனுக்கு எத்தனை சென்சார் தேவை என்று எண்ணுங்கள். முதலில் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.